இருளாயியின் இரண்டாம் பக்கம்

அந்தக் கணினி என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கவில்லை. ‘இதில் உள்ளதெல்லாம் போய்விடும், தொடரவா?’ என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டது. நான் ஆம் என்றேன். அதற்கு ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால் போதும்.

1988இல் நான் ஈப்போவில் வக்கீல் அலெக்சாண்டரிடம் தட்டச்சு வேலையில் இருந்தேன். அப்போது எங்களிடம் இருந்த பெரிய வழக்கு ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தினுடையது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தை விற்றாகிவிட்டது. மரங்களைச் சாய்த்து, புதிய வீடுகள் கட்டப் போகிறார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கும் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. எதிர்த்துக் காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார துரை, ‘உங்கள் காலம் உள்ளவரை இந்த வீடுகளில் இருந்துகொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் இருந்தது. அதை நிரூபிக்க வாக்குமூலங்கள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேராக பஸ் ஏறி வந்தார்கள். அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். குறிப்பேடு கிடையாது. காதில் விழுவதை நேராகத் திரையில் ஏற்றுகிற வேகம் ஈப்போவில் வேறு யாருக்கும் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. எல்லாம் முடிந்து திருத்திய பிறகு மொத்தமாக அச்செடுத்துக் கையெழுத்து வாங்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் பிளாப்பியில் நகல் எடுத்து வைப்பது என் பொறுப்பு. வாக்குமூலம் எழுதத் தொடங்கிய இரண்டு மாதமாக நான் எடுக்கவில்லை. காரணம் என்று எதுவும் இல்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாவது ஆளை முடித்த வாரம், இனி இடமில்லை என்று கணினி சொல்லிவிட்டது. வக்கீல் ஒரு பெரிய வட்டு வாங்கினார். பழையது இருபது மெகாபைட், புதியது எண்பது. அதைப் பூட்ட ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் வந்தார். அதற்கு முன் எங்கள் டைப்ரைட்டர்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

காலையிலிருந்து மூடியைக் கழற்றிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, இன்னுமா அதுக்குக் கண்ணு தெரியல?” என்றேன்.

“கண்ணு தெரியுது. ஒத்துக்கத்தான் மாட்டேங்குது. பழைய மெஷின்லா. இது பொறந்தப்ப இவ்ளோ பெரிய டிஸ்க் கெடையாது. உள்ள ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, அதுல இல்லாத சைஸ நம்பாது.”

“அப்ப?”

“பொய் சொல்லணும். எண்பத எழுபதுன்னு சொன்னா நம்பிரும். அதையும் முப்பத்தி ரெண்டுக்கு மேல ஒரே துண்டா முழுங்காது. பல்லு இல்லாத புள்ளைக்கு இட்லியப் பிச்சுக் குடுக்கற மாதிரி குடுக்கணும்.”

பழைய வட்டிலும் இரண்டு துண்டுகள் இருந்தன. முதல் துண்டுக்கு சி என்று பெயர், இரண்டாவதற்கு டி. வாக்குமூலங்கள் எல்லாம் டியில் இருந்தன. ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் புதிய வட்டில் முதல் துண்டை மட்டும் வெட்டிவிட்டு எழுந்தார்.

“கேபிள் ஆடுது. கடைக்குப் போயி வேற எடுத்துட்டு வாரேன். புதுசா வந்தத ஃபார்மட் பண்ணணும், அத நான் வந்து பாத்துக்கறேன். நீ தொடாத தங்கச்சி.”

“எனக்குத் தெரியாதாண்ணே? நீங்க பண்றத ரெண்டு தடவ பாத்திருக்கேன்.”

“பாத்தவங்கல்லாம் டாக்டர் ஆயிட்டா ஆஸ்பத்திரி எதுக்குலா?”

சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு மாதமாக அந்த இயந்திரத்தோடு இருப்பவள் நான். திரையைப் பார்த்தேன். சி, டி, இ. நேற்றுவரை இ இல்லை. ஆகவே புதிதாக வந்தது இ. குழந்தைக்கும் தெரியும். கட்டளையைத் தட்டினேன். அது கேட்டது. ஒன்றும் இல்லாத இடத்தில் அழிய என்ன இருக்கிறது என்று நினைத்தபடி ஆம் என்றேன். எண்கள் ஓட ஆரம்பித்தன. மைலோ பானத்தை ஆற்றிக் குடித்தேன்.

முடிந்ததும், சும்மா ஒரு திருப்திக்காக டியைத் திறந்தேன். படிக்க முடியவில்லை என்று வந்தது. இ திறந்தது. அதில் எதுவும் இல்லை.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் புதிய கேபிளோடு வந்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன்.

“எதத் தட்டுன?”

“இ.”

அவர் கேபிளை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யாருக்கோ பாடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “புது டிஸ்க்கு வந்து நடுவுல நின்னுக்கிச்சு. டிங்கற பேரு அதுக்குப் போயிருச்சு. பழைய டி ஒரு எடம் தள்ளி இ ஆயிருச்சு. அதுக்குத்தான் தொடாதன்னேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. கீழே கடைத்தெருவின் சத்தம் நின்றுபோனது. என் கையில் இன்னும் மைலோ கப் இருப்பதைப் பார்த்து, இதை யார் கொடுத்தார்கள் என்று யோசித்தேன்.

வக்கீல் நீதிமன்றத்திலிருந்து வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும், “என்ன ஆச்சு?” என்றார்.

“கைத்தவறு சார்” என்றார் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன். யாருடைய கை என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு இடம் விட்டார் என்று இப்போது தோன்றுகிறது. வக்கீல் அவரைத் திட்டத் தொடங்கினார். நான் வாயைத் திறந்தேன். “காப்பி போடவா சார்?” என்று கேட்டேன். என் குரல்தான். இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் விழும்போது உடம்பு கூசுகிறது.

வக்கீல் ஆத்திரம் அடங்கிய பிறகு கணக்குப் போட்டார். நாற்பத்திரண்டு பேரை மறுபடியும் வரவழைத்து எழுதிக்கொள்ளலாம். வழக்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆனால் இருளாயி? துரை வீட்டுச் சமையற்கட்டில் வேலை செய்தவர். துரை சொன்னதை நேருக்கு நேர் காதால் கேட்டவர். வாக்குமூலம் கொடுத்த அடுத்த மாதமே வாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது.

“அந்தம்மாவோடது இல்லாம இந்தக் கேஸே இல்ல நவமணி” என்றார் வக்கீல் என்னிடம்.

ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் மறுநாளும் வந்தார். திட்டு வாங்கிய மனிதர், கூப்பிடாமலே வந்தார். எழுத்துகள் வட்டில்தான் இருக்கின்றன, எது எங்கே என்று சொல்லும் பட்டியல் மட்டும்தான் அழிந்திருக்கிறது என்றார். ஒரு பக்கம் அளவுள்ள துண்டுகளாக அவற்றை வெளியே எடுக்க ஆரம்பித்தார். இது யாருடையது என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

முதல் பக்கங்களில் பெயர் இருந்தது. ‘இருளாயி’ என்று தொடங்கும் பக்கமும் கிடைத்தது. பெயர், வயது, பிறந்த இடம், அதோடு முடிந்துவிட்டது. துரை சொன்னது இரண்டாம் பக்கத்தில். அந்தப் பக்கங்களில் பெயர் கிடையாது.

பெயர் எதற்கு, சொன்ன விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்வேன் என்றுதான் உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் பேசியது எனக்கு நினைவிருந்தது. ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமினார். திரையில் ஒரு பக்கம் வந்தது. ‘மேற்படி மேலாளர் தாயகம் திரும்புமுன், எங்கள் ஆயுட்காலம் வரை குடியிருக்கலாம் என எங்களிடம் கூறினார்.’ அடுத்த பக்கம் வந்தது. ‘மேற்படி மேலாளர் தாயகம் திரும்புமுன்.’ அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டாவது வாரத்திலேயே ஒரு பக்கத்தை அழகாகச் செய்துவைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அதையே ஒட்டியிருக்கிறேன். அவர்கள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே ஒட்டியிருக்கிறேன். பதினொரு பக்கங்கள் முழுதாகக் கிடைத்தன. பதினொன்றிலும் என் ஆங்கிலம்தான் இருந்தது. இருளாயி எங்கும் இல்லை.

அவர்கள் சொன்னதை நான் அழித்தது அந்த ஆம் என்ற எழுத்தினால் அல்ல, அதற்கு முன்பே என்று அப்போது தெரிந்தது. கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“எதுன்னு அந்தம்மாகிட்டயே படிச்சுக் காட்டிக் கேட்டுட்டு வா” என்றார் வக்கீல். “தலையாட்டுனா போதும். மறுநாளே சத்தியப் பிரமாண ஆணையரக் கூட்டிட்டு வந்து ரேகை வாங்கிரலாம்.”

பதினொரு பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். லயத்தில் இருளாயியைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள். என்னைக் கண்டதும் கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“வா தாயி. நாங்க சொன்னத பூராவும் அந்த மெஷின் தின்னுருச்சாமே. இப்ப என்ன, செரிக்கலன்னு திருப்பிக் குடுக்குதா?”

“கொஞ்சம் கெடச்சிருக்குக்கா.”

“அந்தக் கம்பியூட்டர்காரன் கை வெளங்காம” என்று தொடங்கியவர், உள்ளே கட்டிலில் கிடந்த இருளாயியின் வலது கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். “இது நீங்க சொன்னதாம்மா?” இருளாயி என் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டி, ரப்பர் மரங்களின் எண்ணிக்கை மட்டும் மாறியிருந்த இரண்டாவதைப் படித்தேன். அதற்கும் தலையாட்டினார். வருடம் மாறியிருந்த மூன்றாவதற்கும்.

பின்னால் நின்ற கருப்பம்மாள் சிரித்தார். “நீ எதப் படிச்சாலும் அவ ஆமான்னுதான் சொல்லுவா. எல்லாம் அவ சொன்னதுதானே.”

“நீங்கல்லாம் கேட்டதில்லையா? துரை சொன்னப்ப?”

“எங்கள எங்க தாயி பங்களாவுக்குள்ள விட்டான்? இவதான் வந்து, காலையில பேரு கூப்புடற பெரட்டுல நின்னு எல்லாருக்கும் சொன்னா. இவ சொன்னா துரை சொன்ன மாதிரிதானே.”

நாற்பத்து மூன்று பேரின் வாக்குமூலத்தில் ‘எங்களிடம் கூறினார்’ என்று நான் எழுதியிருந்தேன். யாரிடம் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் ஒரு பெண்ணின் காதை நாற்பத்து மூன்றாக்கி வைத்திருந்தேன்.

ஆனாலும் உடனே இன்னொரு நினைப்பு ஓடியது. அப்படியானால் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அது இருளாயியுடையதுதானே. ஒன்றை உருவிக்கொண்டு கிளம்பினால் போதும். வீடுகள் பிழைக்கும். நானும் பிழைப்பேன். கையில் ஒன்றை எடுத்தும் விட்டேன். என்ன தோன்றியதோ, ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். பங்களா இருந்த மேட்டை புல்டோசர் வழித்துவிட்டிருந்தது. செம்மண்தான் தெரிந்தது.

“அம்மா” என்றேன். “துரை இன்னும் பங்களாவுலதான் இருக்காரா?”

இருளாயி என் கண்ணைப் பார்த்தார். அதே கனிவோடு, அதே நிதானத்தோடு தலையாட்டினார்.

கருப்பம்மாள் வந்து இருளாயியின் வாயோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்தார். அவருக்கும் இது புதிது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

“பாவி” என்றார், யாரை என்று தெரியாமல்.

பக்கங்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். வெளியே வந்ததும், நின்றால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று நடந்துகொண்டே சொன்னேன்.

“அக்கா, அழிச்சது அந்த அண்ணன் இல்ல. நான்தான். தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

கருப்பம்மாள் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார், ஏதோ விலை போகாத பொருளைப் பார்ப்பதுபோல.

“வக்கீலுக்குத் தெரியுமா?”

“இன்னிக்குச் சொல்லிருவேன்.”

“இப்ப எங்களுக்கு என்ன வழி?”

“மறுபடியும் எழுதணும். உங்கள்ட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். துரை சொன்னத நான் கேக்கல, இருளாயி சொல்லித்தான் கேட்டேன்னு எழுதணும்.”

“அப்படி எழுதுனா வீடு நிக்குமா?”

“தெரியலக்கா. நிக்காமயும் போகலாம்.”

அவர் லயத்தின் வரிசையை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டு நகர்ந்தார். நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தேன். அவர் பேசி முடிக்கும்வரை எதையும் எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அன்னிக்கு அவ பெரட்டுக்கு ஓடி வந்தா” என்றார் கருப்பம்மாள். “கக்கத்துல தொரையோட பூன. விட்டுட்டுப் போறான் பாருன்னு அதக் காட்டித்தான் மொதல்ல அழுதா. வீட்டு விஷயத்த அப்புறந்தான் சொன்னா. பூனையயும் எழுதுவியா?”

“எழுதுறேன்க்கா.”