விளக்கு யாரைப் பார்க்கிறது?

1

"மாமா, உங்க விளக்கு கவுந்திருக்கே, எண்ணெய் கொட்டிடாதா?"

பேருந்தின் முன் இருக்கையிலிருந்து என் மகள் ஓட்டுநரிடம் கேட்டாள். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். ஸ்டீயரிங் பிடித்திருந்த அவர் முன்கையில் ஒரு சின்ன எண்ணெய் விளக்கு, பச்சை குத்தியது. எங்களுக்கும் தலைகீழ், அவருக்கும் தலைகீழ்.

"கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு பாப்பா" என்று சிரித்தார்.

கடைசி நிறுத்தத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "குடியை விட்டப்போ போட்டதுக்கா. வேலை முடிஞ்சா கை தானா பாட்டில் பக்கம் நீளும். நீளுறப்போ இது கண்ணுல படணும்னு ஆசை. படுது, ஆனா கவுந்துல்ல படுது! ரெண்டு தரம் வழுக்கிட்டேன்."

எழுதலாமா என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாம எழுதுங்க."

2

(முதலில் எழுதியது: 'பச்சை குத்துபவர் ஒரு முரட்டு ஆள், கழுத்துவரை பாம்பு சுற்றிய…' இதை அடித்துவிட்டேன். ஓட்டுநருக்குப் போட்ட கடைக்கு நேரில் போனால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண். உடம்பில் ஒரு புள்ளி மை இல்லை. "ஊசின்னா எனக்குப் பயம்க்கா" என்றார்.)

கையுறையைக் கழற்றியதும் தன் வரைபட நோட்டை என் மடியில் போட்டார்.

"இது சாக்கடை மூடி! இது எதிர்வீட்டு கேட்டு. இது முட்டைக்கோஸைக் குறுக்க வெட்டினது. உள்ள பாருங்க, மரம்!"

எனக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. நிமிர்ந்தபோது சுவரில் ஓட்டுநரின் கை, புகைப்படமாக. விளக்கு அதில் நேராக நின்றது.

"கை தொங்குறப்போ எதிர்ல வர்றவங்களுக்கு நேரா இருக்கணும்க்கா. தொழில்ல அதான் வழக்கம். 'எனக்குத் தெரியுற மாதிரி போடு தங்கச்சி'ன்னாரு. 'ஊரு சிரிக்கும்ணே'ன்னு நான்தான் விடல."

என் மகளின் கேள்வியையும் ஓட்டுநரின் பதிலையும் சொன்னேன். வழுக்கியதைச் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை, அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை குறை சொல்லலியே! 'நல்லாப் போடும் அந்தப் பொண்ணு'ன்னு ஆளுங்களை அனுப்பிக்கிட்டுல்ல இருக்காரு."

3*

* இது அடிக்குறிப்பாகத்தான் இருந்தது; வளர்ந்து மேலே ஏறிவிட்டது. நானும் என் பாத்திரங்களை எதிரே வருகிற உங்களுக்கு நேராகத்தான் வரைகிறேன். அவர்கள் குனிந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்டவன் மன்னிக்கட்டும்.

4

கதைக்கு முடிவுகள், கடைக்காரப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன்:

லேசரால் அழிப்பது. "தழும்பு நிக்கும்க்கா."

மேலே கறுப்புப் பூ போட்டு மறைப்பது. "விளக்கை அணைக்கச் சொல்றீங்களா?"

மூன்றாவதை நான் யோசிக்கவே இல்லை. அவர் திடீரென்று "சுடர்!" என்று கத்தினார். படத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, முழங்கைப் பக்கத்திலிருந்து இன்னொரு விளக்கு வரைந்தார். இது ஓட்டுநரைப் பார்த்த விளக்கு. இரண்டு சுடர்களின் நுனியும் தொட்டுக்கொண்டன.

"ஒண்ணுல இருந்து ஒண்ணு ஏத்துற மாதிரி!"

இரண்டு பேரும் குழந்தைகள்போலக் கை தட்டினோம்.

5

ஓட்டுநர் தன் விடுமுறை நாளில் வந்தார். கடைக்காரப் பெண் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"அக்கா, நீங்களும் வெளிய."

"நான்தானே கதை எழு…"

"அதனாலதான்."

படியில் உட்கார்ந்தேன். உள்ளே இயந்திரம் ரீங்கரித்தது, நின்றது, மறுபடி ரீங்கரித்தது. [இங்கே ஓர் உரையாடல் கற்பனை செய்திருந்தேன். எடுத்துவிட்டேன்.] அந்தக் கை இனி நீளாதா? அதை நான் முடித்துவைக்க மாட்டேன். முடிந்தால் நீங்கள் அவருக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி அவருக்கு நேராக வரைந்தது.

பிளாஸ்டிக் சுற்றிய கையின் மேல் சட்டையை இறக்கிவிட்டு அவர் வெளியே வந்தார். எனக்குத் தலையசைத்துவிட்டு நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

முடித்த வேலை ஒவ்வொன்றையும் படமெடுத்துச் சுவரில் ஒட்டுவது அந்தப் பெண்ணின் பழக்கம். நான் உள்ளே போனபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கைபேசி பைக்குள்ளேயே கிடந்தது. சுவரில் பழைய படமும் இல்லை. அது இருந்த இடத்தில் நாலு மூலைக்கும் நாலு துண்டு ஒட்டுநாடா.