மாத்திரையும் என் இரண்டு தொடைகளும்

திரைச்சீலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தபோது என் கைகள் பாதியில் நின்றுவிட்டன. வலியால் என்று சொல்ல முடியாது. வலி சில வாரங்களாகவே இருந்தது. இது வேறு. கை இன்னும் கொஞ்சம் உயர வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அது உயரவில்லை, அவ்வளவுதான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார் அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி, மேலயே தூங்கிட்டீங்களா?"

"கை வரமாட்டேங்குது."

"போன வாரம் கால் வரலன்னீங்க. ஒவ்வொண்ணா லீவு போடுதா?"

திரைச்சீலை தைக்கக் கொடுத்த வீட்டம்மா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சிரித்து வைத்தேன். இறங்கும்போது தொடைகள் இரண்டும் வெடவெடத்தன. எங்காவது உட்காரத் தோன்றியது. அடுத்தவர் வீட்டில், உறைகூடப் பிரிக்காத வெளிர் நிற நாற்காலியில் எப்படி உட்காருவது? சுவரில் சாய்ந்து நின்றேன். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினாள். அவளுக்கு உயரம் என்றால் பயம். அதனால்தான் எங்கள் தொழிலில் ஏணி என்னுடையது, தையல் மெஷின் அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு கொக்கி மாட்டும் அவளைப் பார்த்தபடி, இனி ஏற முடியாவிட்டால் நான் எதற்கு என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கடை நடத்துகிறோம். புதிதாகத் தைத்துக் கொடுப்போம். பழையதைக் கழற்றி வந்து துவைத்து, நீராவி போட்டு, மறுபடி மாட்டியும் கொடுப்போம். கடைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் உட்கார்ந்து போட்ட சட்டமில்லை, தானாக வந்தது. கடைக்குள் வருவது எதுவானாலும் இரண்டு பங்கு. ஒரு டீ வந்தால் இரண்டு தம்ளர். வாடிக்கையாளர் திட்டினால் அதிலும் பாதி எனக்கு, பாதி அவளுக்கு. ஈரத் துணியிலேயே கை கிடந்ததில் இருவருக்கும் நகச்சொத்தை வந்தது. அவள் தோல் டாக்டரைப் பார்த்துக் கேப்ஸ்யூல் எழுதி வாங்கி வந்தபோது, அதுவும் இரண்டு பங்காயிற்று. கொக்கி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த அட்டை கிடக்கும். மதியம் சாப்பிட்டதும் ஆளுக்கொன்று.

கொலஸ்ட்ரால் மாத்திரை அப்படி அல்ல. அது வீட்டுச் சாமான். இரவுச் சாப்பாடு முடிந்ததும், கணவர் கண்ணில்கூடப் படாமல் விழுங்கிவிடுவேன். அதைப் பற்றிப் பேசினால் அக்காவைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

அக்காவுக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டாள். இதே மாதிரி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், நடுவில் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் நிறைய இருந்தது. என்னைவிட வயதில் சிறியவரான டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு நிறையச் சொன்னார்.

"பெரும்பாலானவங்களுக்கு இதால ஒண்ணும் ஆகாது. ஆனா காரணமே இல்லாம தசை வலிச்சா, பலம் இல்லாம போனா, சிறுநீர் கருப்பா போனா உடனே வாங்க. வேற எந்த மருந்து ஆரம்பிச்சாலும் எங்கிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க."

தெரியாத வீட்டுக்கு வழி கேட்பவளைப் போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வெளியே வந்தபோது கடைசி வார்த்தைதான் மனதில் நின்றது. நிறுத்திடாதீங்க.

நாலைந்து மாதம் மாத்திரை சாப்பிடுவதே தெரியவில்லை. பிறகுதான் தொடைகள் கனக்கத் தொடங்கின. காரணமே இல்லாமல் என்றால் என்ன? ஏணியில் ஏறி இறங்குகிறவளுக்கு எந்த வலிதான் காரணமில்லாதது? நாத்தனார் வயதாகிவிட்டது என்றாள். பஸ் ஓட்டும் என் கணவர், செருப்பு சரியில்லை என்றார். இரண்டும் உண்மைதான். இப்படி உண்மையான காரணங்கள் கூடக்கூட, வலி எனக்கு அன்னியமாகிக்கொண்டே போனது. கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் தொடை என்னிடம் எதையோ சொல்ல வருகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், எல்லாம் பயம், அக்காவைப் பார்த்து வந்த பயம் காலில் இறங்கியிருக்கிறது என்று தோன்றும்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு அப்ப கால் வலிச்சுதாக்கா?"

"எப்ப வலிக்கல? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வலிக்குது."

"விளையாடாத. அதனாலதான் மாத்திரைய நிறுத்தினியா?"

அந்தப் பக்கம் அக்கா டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"உடம்பு அசதியா இருந்துச்சு. ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம்னு விட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

"நிறுத்தினதாலதான் வந்துச்சா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க அத்தான் பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. எனக்கு என்னடி தெரியும்? நான் உள்ள போய்ப் பார்த்தேனா?"

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"என்னைக் கேக்காத தாயி. நிறுத்துன்னு சொல்லி உனக்கு ஏதாவது ஆனா பழி எனக்கு. சாப்பிடுன்னு சொல்லி கால் விழுந்துட்டா அதுவும் எனக்குத்தான். டாக்டர் எதுக்கு இருக்காங்க?"

டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் போய் என்னவென்று சொல்வது? வயதாகிறது டாக்டர், செருப்பு சரியில்லை டாக்டர், எங்கள் அக்காவை நினைத்தால் பயமாக இருக்கிறது டாக்டர்? அன்று இரவு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அட்டைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். படுத்ததும் நெஞ்சு அடைப்பது போல இருந்தது. அது அடைப்பே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். விடிந்ததும் முதலில் காலைத்தான் அசைத்துப் பார்த்தேன். வலி அப்படியே இருந்தது. ஆக மாத்திரையால் இல்லை என்று தீர்மானித்தேன். ஒரே இரவில் தெளியாது என்று யோசிக்கக்கூட எனக்கு அறிவில்லை. நிம்மதியாக மறுபடி விழுங்கத் தொடங்கினேன்.

அந்த வெளிர் நிற நாற்காலி வீட்டிலிருந்து கடைக்குத் திரும்பியதும் பாத்ரூமுக்குப் போனேன். சிறுநீர் பால் ஊற்றாத டீ போல இருந்தது. தண்ணீர் குடிக்காததால் இருக்கும் என்று வழக்கம் போல ஒரு காரணம் வந்தது. ஆனால் இந்த முறை அதன் பின்னாலேயே டாக்டரம்மாவின் குரலும் வந்தது. வெளியே வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவள் எந்தக் கிண்டலும் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, ஊசிக்குக் கீழே துணியை அப்படியே விட்டுவிட்டு ஷட்டரை இறக்கினாள்.

டாக்டரம்மா எல்லாம் கேட்டார். எப்போதிலிருந்து, இரண்டு பக்கமுமா, காய்ச்சல் உண்டா, விழுந்தேனா.

"வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"ஆன்டிபயாடிக்? பிரஷருக்கு? நாட்டு மருந்து ஏதாவது?"

"எதுவும் இல்ல டாக்டர். இது ஒண்ணுதான்."

நான் பொய் சொல்லவில்லை. இதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மருந்து என்று அவர் சொன்னதும் என் மனம் வீட்டுக்குப் போய், படுக்கையறை அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. கடைக்கு அது போகவே இல்லை. கத்திரியைச் சாணை பிடிப்பது போல, மெஷினுக்கு எண்ணெய் விடுவது போலத்தான் நான் நகத்தைப் பார்த்துக்கொண்டேன். நகம் என் உடம்பின் கணக்கில் இல்லை.

பலம் பார்ப்பதற்காக டாக்டரம்மா என் கையைப் பிடித்தார். "என்னைத் தள்ளுங்க பார்க்கலாம்." தள்ளினேன். அவர் அசையவில்லை. பிடித்த கையை விடாமல் திருப்பிப் பார்த்தார். என் கட்டைவிரல் நகத்தில் பாதி மஞ்சளாகத் தடித்தும், அடிப்பக்கம் புதிதாக வழவழவென்றும் இருந்தது.

"நகம் நல்லா வளருதே. இதுக்கு என்ன பண்றீங்க?"

"கேப்ஸ்யூல் சாப்பிடறோம் டாக்டர்" என்றாள் நாத்தனார் பெருமையாக, தன் விரல்களையும் நீட்டி. "எனக்கு எழுதினது. அண்ணிக்கும் சேர்த்து வாங்கினேன். நல்லா கேக்குது."

டாக்டரம்மா என் கையை மெல்ல மேஜைமேல் வைத்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். நாத்தனார் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். என் தொடைகள் கனக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதை அங்கே உட்கார்ந்துதான் முதல்முறையாகக் கணக்குப் போட்டேன்.

"ரெண்டையும் இப்பவே நிறுத்தறோம்" என்றார் டாக்டரம்மா. "கொலஸ்ட்ரால் மாத்திரைய உடம்பு கரைச்சு வெளிய அனுப்பற வழிய இந்தக் கேப்ஸ்யூல் அடைச்சிடும். நீங்க சாப்பிட்டது ஒரு மாத்திரைதான். உள்ள சேர்ந்தது பல மடங்கு. தசை சிதையுது. அது கிட்னியக் கெடுக்கறதுக்குள்ள வந்தீங்களே."

அன்றே படுக்கையில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள், ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்தார்கள். ரத்தத்தில் இருந்த ஏதோ ஓர் அளவைப் பார்த்து நர்ஸ் புருவத்தை உயர்த்தினார். கணவர் பணி முடிந்து சீருடையோடு வந்தார். நாத்தனார் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "ஒரு பஸ் சந்துல குறுக்க நின்னுடுச்சு. பின்னால வந்ததெல்லாம் வெளிய போக முடியாம அடைச்சுக்கிச்சு. அதானே?" என்றார். அதற்குமேல் எனக்கும் புரியவில்லை.

அவர் டீ வாங்கப் போனதும் நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் பாதி பாதியா குடுத்தேன். கடைசில விஷத்தையும் பாதி குடுத்துட்டேன் அண்ணி."

"முழுசா குடுக்கலல்ல, அதுக்கு சந்தோஷப்படு."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "அதே கேப்ஸ்யூலத்தான் நானும் சாப்பிட்டேன். எனக்கு ஏன் ஒண்ணுமே ஆகல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டரம்மா சொன்னதையே நானும் சொன்னேன்: அவள் இந்த மாத்திரை சாப்பிடுவதில்லை, அவளுக்கு எழுதும்போது அவளிடம் கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. சொல்லும்போதே எனக்கு விசித்திரமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே ஈரத்தில் கை வைத்து, எங்கள் இருவருக்கும் ஒரே உடம்பு என்றே நான் நம்பியிருக்கிறேன்.

சிறுநீரகம் தப்பியது. தொடைகள் தெளிய வாரக்கணக்கில் ஆயின. நகத்துக்கு இப்போது மேலே பூசுகிற மருந்துதான். ஏணியில் மெதுவாக ஏறத் தொடங்கினேன். வலியில்லாத கால் எவ்வளவு இலேசு என்று வியந்துகொண்டிருந்த நாளில், ரத்தம் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். உடனே வேறொரு மாத்திரையை எழுதினார். இதே இனம்தான், வேறு வகை, குறைந்த அளவு.

"மறுபடியுமா டாக்டர்?"

"கொலஸ்ட்ரால் அப்படியேதானே இருக்கு. உங்க அக்காவையும் நினைச்சுப் பாருங்க. அன்னிக்குத் தப்பு மாத்திரை மேல இல்ல, அது கூட சேர்ந்தது மேல. சந்தேகம் வந்தா போன் பண்ணுங்க, ரத்தம் பார்த்துடலாம்."

புத்திக்கு இது விளங்கியது. தொடைக்கு விளங்கவில்லை. கடையில் நாத்தனார், "வேண்டவே வேண்டாம் அண்ணி, பட்டது போதும்" என்றாள். கணவர், "டிரைவர் சொல்றபடி பஸ் போகட்டும். நீ ஏன் ஸ்டீயரிங்க பிடிக்கற?" என்றார். அக்காவிடம் கேட்டேன். "நான் தினம் சாப்பிடறேன்" என்றாள், எதையோ திருடி மாட்டிக்கொண்டவளைப் போல. "பயந்துக்கிட்டேதான் சாப்பிடறேன். பயந்தா விழுங்கக் கூடாதுன்னு இருக்கா என்ன?"

விழுங்கினேன். அன்றிலிருந்து நான் என் கால்களை ஒட்டுக்கேட்கிறவளாகிவிட்டேன். மாடிப்படியில் ஏறும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி காது கீழேயே இருக்கும். ஒரு வாரத்தில் இடது கெண்டைக்காலில் ஏதோ இழுத்தது. வலியா, வலியின் நினைவா? உடனே நிறுத்திவிடக் கை பரபரத்தது. நிறுத்தவில்லை. பேசாமல் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. போன் செய்தேன். வரச் சொன்னார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது.

"ஆனா வலிக்குதே டாக்டர்."

"ஒரு கால் மட்டும்தானே? ஏணி ஏறறீங்க, பல வாரம் கழிச்சு."

"அப்ப இது மாத்திரையோட வலி இல்லையா?"

"இல்ல. இது உங்களோடது."

அவர் சிரித்தார். மகிழ்வதா என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

அன்று சாப்பாடு முடிந்ததும், கணவர் எதிரிலேயே உட்கார்ந்து அட்டையைப் பிரித்தேன்.

"டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் சரியா புரியலங்க."

"எது?"

"எந்த வலி எதோடதுன்னு."

அவர் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு வண்டில தினம் ஒரு சத்தம் கேக்குது. எல்லாம் புரிஞ்சாத்தான் எடுப்பேன்னா எந்த பஸ்ஸும் போகாது. கேட்டுட்டு, மெக்கானிக்கிட்ட சொல்லிட்டு எடுக்க வேண்டியதுதான்."

மாத்திரை நாக்கில் இலேசாகக் கசந்தது. கெண்டைக்கால் இழுத்தபடிதான் இருந்தது. தண்ணீரைக் குடித்தேன்.