ஞாயிற்றுக்கிழமை அச்சு

"அந்த அச்சை எங்ககிட்ட குடுத்துருங்க சார்."

கேட்டுவிட்டேன். கூலியைக் கேள், லீவைக் கேள், அச்சை மட்டும் கேட்டுவிடாதே என்று மேஸ்திரி தளவாய் அண்ணாச்சி முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் எங்கள் பட்டறை; லாரிகளுக்கு பாடி கட்டுகிற இடம். தகரக் கூரையில் சாரல் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. அந்த இருட்டிலேயே எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் முதலாளி சந்தானகிருஷ்ணன். மூலையில் கிடந்த கார் அச்சை நடுப்பட்டறைக்கு இழுக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாகத் தோள் கொடுத்தார்கள். தோணி மாதிரி நீளம், யானைக்குட்டி மாதிரி கனம். விளிம்பில் துருத்திய, ஃபைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி நார் கழுத்திலும் முழங்கையிலும் ஏறி அரித்தது. ஐந்தருவியில் போய் நின்றாலும் போகாத அரிப்பு அது.

இழுத்துப் போட்டு மூச்சு வாங்கும்போது, முதலாளி சம்மட்டியைத் தளவாயிடம் நீட்டினார்.

"ஒடச்சிருங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு துண்டு முழுசா இருக்கக்கூடாது. திங்கக்கிழமை பம்பாய்க்காரங்க வந்து பாப்பாங்க."

அப்போதுதான் கேட்டேன்.

போன வருஷம், எண்பத்து மூன்றில், இதே முதலாளி இதே இடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்று பேசினார். "வாத்தியார் சம்பளத்துல வாங்கற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டு பேர் உக்காரலாம். தரையோட தரையா பறக்கும். இங்க செஞ்சு நாடு பூரா விப்போம். உங்க புள்ளைங்க பொழப்புக்கு ரயிலேற வேண்டாம்." ரயிலேற வேண்டாம் என்றதில்தான் எல்லோரும் விழுந்தார்கள். நானும். என் அப்பா இலத்தூர் வயலில் இன்னும் நாற்றுக்கட்டு சுமக்கிறார். எங்கள் தெருவிலேயே முதல் பி.எஸ்ஸி. நான். அதை வைத்து எனக்குக் கிடைத்தது இந்தப் பட்டறையின் ஆபீஸ் வேலை.

கார் செய்தார்கள். பழைய கார் ஒன்றின் எஞ்சினை வாங்கினார்கள். அடிச்சட்டத்தை வெல்டர் சேக் தாவூது பாய் பற்றவைத்தார். ஆனால் அந்தக் காரின் உடம்பு அச்சிலிருந்துதான் பிறந்தது. அச்சுக்குள் மெழுகு தேய்த்து, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, மேலே பிசினைத் தடவி, இறுகியதும் உரித்தெடுத்தால் கார். எஞ்சின் இன்னொன்று கிடைக்கும். சட்டம் இன்னொன்று பற்றவைக்கலாம். அச்சு போனால் கார் போயிற்று.

அந்த அச்சைச் செய்தது முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே உண்டு. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் பூட்டு கிடையாது, கூலியும் கிடையாது. கழித்துப் போட்டதை எடுத்து யார் எதைச் செய்கிறார்களோ அது அவர்களுக்கு. தாவூது பாய் வீட்டு இரும்பு கேட் அப்படி வந்தது. தளவாய் அண்ணாச்சி மகளுக்குத் தொட்டில் அப்படி வந்தது. "அச்சு வேலையை ஞாயித்துக்கிழமை வச்சுக்குவோம். நம்ம காருதானே" என்று முதலாளி சொன்னபோது அவர் கூலியை மிச்சம் பிடித்தார். நாங்கள் 'நம்ம' என்ற சொல்லை நம்பினோம்.

சீசனில் பம்பாய்க் கார் கம்பெனிக்காரர்கள் அருவியில் குளிக்க வருகிறார்கள், அதற்குள் கார் ஓட வேண்டும் என்றார். சாரல் ஈரத்தில் பிசின் இறுகாது; இறுக வைக்க மருந்து சேர்க்க வேண்டும். "மருந்தைக் கூட்டி ஊத்து" என்று கத்தினார். ஒன்றாகச் சேரவே கூடாத இரண்டு மருந்துகளையும், யாரும் சொல்லித் தராததால், பிசின் கலக்குகிற வள்ளித்தாய் அக்கா ஒரே குவளையில் விட்டாள். குவளை சீறி வெடித்தது. இடது கண் போனது. ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "வீட்டுல ஸ்டவ் வெடிச்சதுன்னு சொல்லச் சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார், கருப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்து.

கார் ஓடியது. மிளகாய்ப்பழச் சிவப்பு. பம்பாய்க்காரர் ஒருவர் ஐந்தருவி வரை தானே ஓட்டிப்போய்த் திரும்பினார். சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் சிரிப்பதைப் பார்த்துத் தாவூது பாய் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே அவர் முதலாளியிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்கு மட்டும்தான் விளங்கியது: "இது வெளியே வரக்கூடாது."

அன்று சாயங்காலம் இதை மற்றவர்களிடம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "அம்புட்டு சிரிச்சாரேட்டி!" என்றார் தளவாய் அண்ணாச்சி. அடுத்த வாரம் அந்தக் காரைப் பம்பாய்க்காரர்கள் கொண்டுபோனார்கள்; இங்கே மிஞ்சியது அச்சு மட்டும்.

இப்போது சம்மட்டி அவர் கையில் இருந்தது.

"அச்சு உனக்கெதுக்கு முப்பிடாதி?" முதலாளி குரலை உயர்த்தவில்லை. "படிச்ச பொண்ணு நீ, புரிஞ்சுக்கோ. ரெண்டு சீட் கார் செய்யவும் நாலு சீட் கார் செய்யவும் செலவு ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ரெண்டு சீட்டுக்கு எவனும் நாலு சீட் விலை குடுக்கமாட்டான். ஆசைப்படறவன்கிட்ட பணம் இல்ல. பணம் இருக்கறவன் குடும்பத்தோட கோயிலுக்குப் போக டிக்கி உள்ள வண்டி கேக்கறான். எந்தக் கம்பெனி தொடும்?"

"யாரும் வாங்கமாட்டாங்கன்னா அது தானா தூசி படிஞ்சு கெடக்கும்லா சார். எதுக்கு ஒடைக்கச் சொல்லுதாங்க?"

நானே சொன்னேன்.

"பம்பாய்க்காரங்க வண்டிக்கு ஊர்சனமெல்லாம் பதிஞ்சு வச்சிட்டு வருசக்கணக்கா காத்துக் கெடக்காங்க. கதவு சரியா மூடலைன்னாலும் வாங்கத்தான் செய்வாங்க. சல்லிசா, நல்லா ஓடுற வண்டி ஒண்ணு வந்துட்டா, 'இங்கன பட்டறையில செய்ய முடியுது, உங்களுக்கு என்ன கேடு?'ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்குத்தான் பயம். அதுக்கு உங்களுக்கு என்ன தந்தாங்க?"

"மாவட்டத்துக்கே ஏஜென்சி," என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "பட்டறை இருக்கற எடத்துல ஷோரூம் வரப்போகுது. உனக்கு மேஜை, ஃபேன், டெலிபோன். உங்கப்பா இனிமே வயலுக்குப் போக வேண்டாம்."

"இவங்களுக்கு?"

"வண்டி கழுவ ரெண்டு பேர் வேணும்."

தாவூது பாய் முன்னால் வந்தார்.

"எந்த ரெண்டு பேர் மொதலாளி? குலுக்கிப் போடுவியளா?"

"ஒத்தக் கண்ணுக்காரி கழுவினா பாதி காருதான் சுத்தமாவும்," என்றாள் வள்ளித்தாய் அக்கா. "என்னைய விட்டுருங்க." சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

முதலாளி தளவாயைப் பார்த்தார். "என்ன நிக்கறே? அடி!"

"அடிக்க முடியாது சார்," என்றேன். "இது ஞாயித்துக்கிழமை செஞ்சது."

"பிசின் யாரு காசு? நார் யாரு காசு?"

"பாய் வீட்டு கேட்டுக்கு இரும்பு யாரு காசு? அதையும் புடுங்கிட்டு வருவீங்களா?"

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க. இந்தக் கண்ணு எந்த ஸ்டவ்வுல போச்சுன்னு நான் அவங்ககிட்டயே சொல்லுதேன்," என்றாள் வள்ளித்தாய் அக்கா. கருப்புக் கண்ணாடியைக் கழற்றி அச்சின் விளிம்பில் வைத்துவிட்டு, தானும் அதில் ஏறி உட்கார்ந்தாள்.

தளவாய் அண்ணாச்சி சம்மட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி வீட்டுக் கல்யாணம் அத்தனையிலும் பந்தலுக்கு முன்னால் நின்றவர் அவர். "நம்ம காருன்னு சொன்னிய மொதலாளி," என்றார். அவ்வளவுதான். சம்மட்டியைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். வள்ளித்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்புறம் தாவூது பாய். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும். முகம் தெரியும்வரை அவர்கள் மெழுகு தேய்த்து மினுக்கிய அச்சு; அதற்குள் எட்டிப் பார்த்தால் எல்லா முகமும் தெரிந்தது.

"கேட்டைப் பூட்டிருவேன். பட்டினி கிடப்பீங்க," என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஆபீஸுக்குப் போ. உனக்கு இது வேண்டாம்."

ஆபீஸ் சாவி என் இடுப்பில் இருந்தது. எடுத்தேன். போன வருஷம் அவர் ஏறி நின்று பேசிய அதே பெஞ்சின் மேல் வைத்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வழியில் யோசித்துக்கொள்ளலாம். நடந்தேன்.

"ஏட்டி, எங்கன போற?" பின்னாலிருந்து வள்ளித்தாய் அக்கா கத்தினாள்.

"இலத்தூருக்கு. மாமாகிட்ட மாட்டுவண்டி கேக்க. ரெண்டு வண்டியைச் சேத்துக் கட்டுனா அச்சு ஏறிரும்."

"இன்னைக்கேவா?"

முகத்தில் சாரல் அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைலா."