எழுத்தில்லாத கற்கள்

ஊர் வரலாறு என்றால் ஜெஸீம் சேரைத்தான் கேட்க வேண்டும் என்று கல்முனைப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

சனிக்கிழமைகளில் அவர் நடத்தும் ஊர்நடைக்குச் சம்மாந்துறையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பழைய தோணித்துறை, தறிக் கொட்டில், ஒல்லாந்தர் காலத்துக் கிணறு என்று வெயிலில் இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொண்டு திரிவார். இந்த மாதம் இறந்தவர்களை அடக்குகிற கடற்கரை மையவாடியையும் சேர்த்துக்கொண்டார். கப்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற மீசான் கல்லில் பேர் வெட்டுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. கரையில் கிடக்கும் முருகைக்கல்லில் இரண்டை நட்டுவிட்டு வருவார்கள். ஆனால் அங்கே அரபெழுத்து வெட்டிய பழங்கற்கள் ஆறு இருந்தன. அதைக் கண்டதிலிருந்து மனுசனுக்கு நித்திரையே இல்லை.

புதன்கிழமை நூலகத்தில் பயிற்சிப் பட்டறை வைத்தார். "எழுத்து இருந்தாத்தான் கல்லு சாட்சி சொல்லும். இல்லாட்டி அது வெறுங்கல்லு" என்று மேசையில் தட்டிச் சொன்னார். மாணவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். வியாழக்கிழமை மையவாடியைத் துப்புரவாக்கச் சிரமதானம். ஆறு கற்களையும் காட்டி, "இதுகளில கை வைக்கப்படா. மத்தக் கல்லு முள்ளெல்லாம் அள்ளி ஓரத்தில குவியுங்க" என்று சொல்லிவிட்டு, பதாகை அடிக்கக் கல்முனைக்குப் போய்விட்டார். வெளியூர்ப் பிள்ளைகள், பாவம், சொன்னதைச் சொன்னபடி செய்துபோட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிந்து அவர் வேலியில் பதாகை கட்டிக்கொண்டு நின்றபோது அவருடைய மூத்த சகோதரி லைலா ராத்தா வந்தார். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு வெள்ளியும் அவர் அந்தக் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் மகளைப் பார்ப்பார். மகள் அம்ஹா ஐந்து வயதில் டெங்குக் காய்ச்சலில் மௌத்தானவள். எருக்கம் பத்தைக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கல்.

"பாத்தீங்களா ராத்தா, எப்பிடித் துப்புரவா இருக்கெண்டு?" என்றார் ஜெஸீம் பெருமையோடு.

ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கண் அங்குமிங்கும் ஓடியது.

"தம்பி, எண்ட புள்ளைட கல்லு எங்க?"

அப்போதுதான் அவரும் பார்த்தார். பெருநாளுக்குக் கூட்டிவிட்ட முற்றம் மாதிரி மணல் தட்டையாகக் கிடந்தது. எருக்கம் பத்தையும் இல்லை. ஓரத்தில் இடுப்பளவுக்குக் கற்குவியல். ஆறு எழுத்துக் கற்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன.

யா அல்லாஹ்! ஜெஸீம் உள்ளே ஓடினார்.

"நீதானேடா இறக்கி வெச்சாய். கல்லையும் நீதானே நட்டாய். சொல்லு" என்றார் ராத்தா வேலியைப் பிடித்துக்கொண்டு.

மெய்தான். குழந்தையைக் கப்றுக்குள் இறக்கியது இவர் கைதான். அதற்குப் பிறகு ஒருநாளாவது வந்து பார்த்தாரா? ஊரார் வீட்டு மூத்தப்பாமாரின் கப்றுகளையெல்லாம் தேடித் திரிந்தவருக்குச் சொந்த மருமகள் கிடக்கிற இடம் நினைவில் இல்லை. என்ன மனுசன் இவர்!

"இந்தா, இதிலதான் ராத்தா... இல்ல, இன்னும் கடல் பக்கம்..."

"எருக்கு நிண்ட இடத்தப் பாருடா. அதிலிருந்து ரெண்டு எட்டு."

எருக்கு நின்ற இடமும் தெரியவில்லை. குவியலுக்கு ஓடி ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் காட்டினார். "இதா ராத்தா? இதா?" கை கிழிந்து இரத்தம் வந்தது. எல்லாம் ஒரேமாதிரி வெள்ளைக் கற்கள்.

"கல்லு எனக்கு எதுக்குடா? அது நிண்ட இடத்தக் காட்டு" என்று அழுதார் ராத்தா.

ஜெஸீம் கல்லைப் போட்டுவிட்டு மறுபடி நடுமணலுக்கு வந்தார்.

"நில்லு தம்பி! நடக்காத!" ராத்தா வேலிக் கம்பியை உலுக்கிக் கத்தினார். "புள்ளைட மேல மிதிச்சிராத!"

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.