மினுங்கக் கூடாத ஜீப்

ராஜினி ஈரத் துவாயை நாலாக மடித்து ஜீப்பின் முன்பக்கப் பொனற்றில் விரித்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தூரத்தில் இருந்து பார்த்தால் களைத்துப்போய்ச் சாய்ந்து நிற்பதாகத் தெரியும். வேலை நேரத்தில் ஆட்கள் களைப்பது கடை முதலாளி கிருபனுக்குப் பிடிக்காது. ஆனால் கையை எடுத்தால் துவாய் வழுக்கும். துவாய் வழுக்கினால் அதன் கீழே இருப்பது வெளியே தெரியும். யாழ்ப்பாணப் பஸ் ஒவ்வொன்றும் கனகராயன்குளத்தைக் கடக்கும்போது வீதியோரத்துக் காற்று முழுவதும் எழும்பி அடங்கியது. அவளும் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

துவாய்க்குக் கீழே இருந்தது ஒரு மினுக்கம். உள்ளங்கை அகலம்தான்.

வேறு எந்த வாகனத்திலும் அது நல்ல வேலைக்கு அடையாளம். இந்த ஜீப்பில் அது குற்றம். மல்லாவியில் கட்டட ஒப்பந்தம் எடுக்கிற தவராசா, கூடக் காசு கொடுத்து மினுங்காத வாகனம் வாங்கியிருந்தார். கம்பனிக்காரரே அப்படி மங்கலாகப் பூசிக் கொடுப்பதாம். 'மற்' என்று பெயர். அடுப்புச் சாம்பலைக் குழைத்துப் பூசியதுபோல் நாலு பக்கமும் ஒரே நிறம். மல்லாவிச் சந்தையில் ஆட்கள் அவரை மறித்து, பெயின்ற் அடிக்க முதல் ஏன் ஓடித் திரிகிறீர்கள், காசு போதாமல் போய்விட்டதா என்று உண்மையான கவலையோடு விசாரித்திருந்தார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த பெயின்ற்காரரின் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

நேற்று முறிகண்டிக் கோயிலில் பூசை முடித்து, இன்று காலை ஜீப் கழுவ வந்தது. பொனற்றின் நடுவில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம், இரண்டும் காய்ந்து இறுகியிருந்தன. கிருபனின் கடையில் இதற்கென்று ஒரு சட்டம் உண்டு. பொட்டை அழித்த தடம் இருக்கக் கூடாது. அழித்த இடத்தில் முகம் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எத்தனையோ ஓட்டோ, எத்தனையோ உழவு மெசின், ஒருமுறை பிரேத வண்டி ஒன்றுகூட ராஜினியின் கையால் அப்படி மினுங்கிப் போயிருக்கிறது. மினுக்குகிற கொம்பவுண்ட் பசையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்கிற அந்தக் கை, மூளையிடம் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது. இன்றைக்கும் கேட்கவில்லை. சந்தனம் போனது. குங்குமம் போனது. சாம்பல் நிறத்தின் நடுவில் நிலவு உதித்தது.

திரும்பக் கழுவினாள். இன்னும் நன்றாக மினுங்கியது. ஷாம்பூ போட்டாள், சந்தோசமாக மினுங்கியது. மினுக்கப் பழகியவளுக்கு மினுக்கத்தை எடுக்க ஒருவரும் பழக்கியிருக்கவில்லை. கடைசியில் நிலத்துப் புழுதியை எடுத்துத் தூவிப் பார்த்தாள். புழுதி படிந்த மினுக்கமாக இருந்தது.

"என்னா புள்ள, ஒத்தக் கையால வண்டியத் தாங்குற? விட்டா விழுந்துருமா?"

கேட்டது வீரையா. வாகனங்களின் கீழ்ப்பக்கம் கழுவுகிற குழிக்குள் நின்றார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. உறவில்லை. ஆனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே கலவரத்துக்குப் பயந்து, ஒரே தேயிலைத் தோட்டத்தில் இருந்து, ஒரே லொறியில் வன்னிக்கு வந்தவர்கள். அதனால் மாமா. கிருபனிடம் 'ஓம்' சொல்கிற ராஜினி, அவரிடம் மட்டும் 'ஆமா' சொல்வாள்.

துவாயின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாத்தான இருக்கு," என்றார்.

"நல்லா இருக்கக் கூடாதாம் மாமா. மங்கலா இருக்கணுமாம்."

வீரையா குழி விளிம்பில் முழங்கையை ஊன்றினார். "மங்கலா வேணும்னா நம்மகிட்ட ஏன் கொண்டாந்தாங்க? மழையில விட்டிருக்கலாமே."

"சிரிக்காத மாமா. வேல போயிரும்."

அவர் சிரிக்கவில்லை. குழிக்குள் குனிந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வேலை போனால் அடுத்தது என்னவென்று ராஜினிக்குத் தெரியும். விடியுமுன் சந்தியில் வந்து நிற்கிற, தையல் ஆலைக்குப் போகிற கார்மென்ட் பஸ். முன்பு அதில் போனவள்தான். புருசன் கொழும்பில் கொங்கிறீட் வேலை. மாதம் ஒருமுறை வந்து நித்திரை கொண்டுவிட்டுப் போவான். அவள் பஸ் ஏறிய காலத்தில் மகள் யதுர்ஷிகா இருட்டில் தனியே எழும்பி, தானே சீப்பால் தலை இழுத்து, வீட்டைப் பூட்டித் திறப்பைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அப்போது பிள்ளை சின்னவள். இப்போது வளர்ந்துவிட்டாள். பக்கத்து வெறுவளவில் குடிக்கிற கூட்டம் ஒன்றும் புதிதாகக் கூடத் தொடங்கியிருக்கிறது. போன கிழமை அதில் ஒருவன் வேலியடிக்கு வந்து பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கிறான். இந்தக் கடை வேலை என்றால் பிள்ளையை அனுப்பிவிட்டு வரலாம், பிள்ளை திரும்பும்போது வீட்டில் நிற்கலாம். விரல்கள் வெடிப்பது ஒன்றுதான். கழுவுகிற மருந்து தோலைத் தின்றுவிடும். சோறு குழைத்தால் எரியும். கரண்டியால் சாப்பிடப் பழகிவிட்டாள்.

தகரக் கொட்டகையின் கீழ், பிளாஸ்டிக் கதிரைகளில் தவராசாவும் மனைவி அருந்ததியும் இருந்தார்கள். எதிரே கிருபன் நின்றான். போன வருடம் கொழும்பில் ஒரு சின்னப் பயிற்சிக்குப் போய் வந்ததில் இருந்து 'வாகனம் கழுவுமிடம்' என்ற பலகை இறங்கி, 'ஓட்டோ டீற்றெயிலிங்' என்ற இங்கிலீஷ்ப் பலகை ஏறியிருந்தது. 'அண்ணா' என்று கூப்பிட்ட வேலையாட்கள் இப்போது 'சேர்' என்று கூப்பிட வேண்டும். தண்ணீர் வருவது அதே கிணற்றில் இருந்துதான்.

"மூண்டு விதம் இருக்கு அண்ணை," என்றான் கிருபன். "இது மினுக்கப் பிலிம். இது மற் பிலிம். இது பிலிம் இல்லை, பூசுற தண்ணி. பிலிம் எண்டுறது வண்டிக்குத் தோல் மாதிரி. கல்லுத் தெறிச்சாலும் பெயின்ற்றில படாது. மினுக்கப் பிலிம் போட்டா உங்கட மற் போயிடும், வண்டி மினுங்கும். மற் பிலிம் போட்டா இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும். கீழ என்ன இருந்தாலும் மேல ஒரே மங்கல்."

'கீழ என்ன இருந்தாலும்' என்றது ராஜினியின் காதில் விழுந்தது.

"தண்ணி?" என்று தவராசா கேட்டார்.

"தண்ணி பூசினா ஊத்தை ஒட்டாது, அவ்வளவுதான். வண்டியில இருக்கிறது இருக்கிறபடி தெரியும். விலையும் குறைவு."

ராஜினி துவாயைப் பார்த்தாள்.

கிருபன் பிலிம் ஒட்டிய பழைய கதவுத் துண்டு ஒன்றை எடுத்து, மோட்டார் சைக்கிள் திறப்பால் அதில் ஒரு கோடு இழுத்தான். பிறகு, வேலையாட்களின் தேத்தண்ணிக்காக அடுப்பில் இருந்த கேத்தலைத் தூக்கி வந்து, கொதிதண்ணீரை அதன்மேல் ஊற்றினான். கோடு மறைந்துபோனது.

"பாத்தியளோ? தானா ஆறிடும்."

அருந்ததி கிட்டப் போய்ப் பார்த்தாள். குழிக்குள் இருந்து வீரையா வெறுமையான கேத்தலைப் பார்த்தார்.

"மினுங்கிறதையே போடுங்கோவன்," என்றாள் அருந்ததி. "அம்மா கேக்கிறா, மருமோன் ஏன் சுடலையில கிடந்த வண்டி மாதிரி ஒண்டில திரியிறார் எண்டு."

"மினுங்கிற வண்டி வேணுமெண்டா நான் மினுங்கிற வண்டியையே வாங்கியிருப்பன்."

"அதைத்தான் நானும் அப்பவே சொன்னனான்."

"இது ஒரு ஸ்டைல் அருந்ததி."

"அது உங்களுக்கும் வித்தவனுக்கும்தானே தெரியும். மல்லாவியில ஆருக்குத் தெரியும்?"

ராஜினிக்கு மினுங்குவதும் ஒன்றுதான், மங்குவதும் ஒன்றுதான். மூடினால் போதும். ஆனால் அவர்கள் இரண்டு பிலிமுக்கு நடுவில் இழுபட்டு, மூன்றாவது பக்கம் நகர்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தவராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கரைச்சலே வேண்டாம் தம்பி. தண்ணியைப் பூசிவிடு. அந்தப் பிள்ளை கழுவி முடிச்சிட்டுதுதானே? துவாயை எடுக்கச் சொல்லு, ஒருக்காப் பாப்பம்."

அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"ஐயா, தண்ணி பூசினா பொட்டு வைக்கேலாது," என்றாள் ராஜினி.

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. தவராசா நின்றார். கிருபனும் திரும்பிப் பார்த்தான். வாடிக்கையாளருக்கு முன் அவள் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை.

"சந்தனம் வைச்சா இந்தப் பெயின்ற் இழுத்துக்கொண்டிடும். இண்டைக்கும் எடுக்க வலு கஸ்டப்பட்டனான். பிலிம் எண்டா மேலதானே நிக்கும். துடைச்சாப் போயிடும்."

சொன்னதில் பொய் இல்லை. ஒரு சின்ன விஷயம் விடுபட்டிருந்தது.

"பொட்டு வைக்கேலாதோ?" அருந்ததியின் குரல் மாறிவிட்டது. "அப்ப வருசப்பிறப்புக்கு? வாணிவிழாவுக்கு? இஞ்சேருங்கோப்பா, பொட்டில்லாத வண்டியில நான் ஏற மாட்டன்."

"அவா சொல்லுறது சரி அக்கா," என்றான் கிருபன் உடனே. ராஜினி மரியாதையாக 'அவா' ஆனதும் இதுதான் முதல் தடவை.

"சாம்பலா இருந்தாலும் இருந்திட்டுப் போகட்டும். அந்த மற் பிலிமையே போடுங்கோ."

தவராசாவுக்கு மங்கல் கிடைத்தது, அருந்ததிக்குப் பொட்டுக் கிடைத்தது. ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் ஓட்டோவில் ஏறிப் போனார்கள். அது நன்றாக மினுங்குகிற ஓட்டோ.

"நல்லாக் கதைச்சனீ," என்று சொல்லிக்கொண்டே வந்த கிருபன், துவாயை எடுத்தான்.

குனிந்து மினுக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"ஆர் தேய்ச்சது?"

"நான்தான் சேர். பொட்டு அழிச்ச இடத்தில முகம் தெரியோணுமெண்டு நீங்கள்தானே..."

"மற்றுக்குமோ சொன்னனான்?"

மற் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவன் இந்தக் கடையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. கிருபன் துவாயைத் திரும்ப விரித்தான். ஓரங்களைக்கூட இழுத்து நேராக்கினான்.

"ஒருத்தருக்கும் சொல்லாத. பிலிம் வரட்டும்."

அன்று வீட்டில் யதுர்ஷிகாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். என்ன விசேசம் என்று பிள்ளை கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள்.

சில நாளில் கொழும்பில் இருந்து பிலிமோடு, அதை ஒட்டுகிற ஆளும் வந்தான். அவனுக்கென்று கிருபன் புதுக் கையுறைப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தான். ராஜினி பிலிமின் ஓரத்தைப் பிடிக்கப் போனபோது, "நீ தொடாத, உன்ர கை அரம் மாதிரி, பிலிமைக் கீறிப்போடும்," என்று கிருபன் தடுத்துவிட்டான். அவள் தள்ளி நின்று சவர்க்காரத் தண்ணீர் விசிறினாள். பொனற்றில் பிலிமை விரித்து, தட்டையான தகட்டால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளத் தள்ள, நிலவு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. கடைசியில் எந்த இடம் என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. வந்தவன் கிருபனைப் பார்த்துச் சிரித்தான். கிருபனும் சிரித்தான். ராஜினியும் கொஞ்சம் சிரித்தாள்.

ஜீப்பைக் கொடுக்கிற நாள், அவள் துவாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கிருபன் வந்தான்.

"இண்டையோட வேலையில இருந்து நிண்டுகொள் ராஜினி. சம்பளத்தைப் பின்னேரம் வாங்கிக்கொண்டு போ."

அவள் கையில் இருந்த துவாயில் இருந்து தண்ணீர் காலில் சொட்டியது.

"அதுதான் மூடியாச்சே சேர்."

"மூடினது வேற கதை. இனி இப்பிடி வண்டியள் கனக்க வரும். உன்ர கை தேய்ச்சுப் பழகின கை. உன்னில பிழை எண்டு நான் சொல்லேல்லை. தேய்க்கத் தெரியாத ஆள்தான் எனக்கு இனி வேணும்."

"இனித் தேய்க்க மாட்டன் சேர்."

"இதையெல்லாம் கை கேக்காது," என்று சொல்லிவிட்டு அவன் ஜீப்பின் பக்கம் போனான்.

குழிக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வீரையா அவளைப் பார்த்தார். பிறகு கிருபனின் முதுகைப் பார்த்தார். பிறகு தண்ணீரைத் திறந்தார்.

பின்னேரம் தவராசாவும் அருந்ததியும் வந்தார்கள். தவராசா ஜீப்பைச் சுற்றி வந்து, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று திருப்தியோடு சொன்னார். அருந்ததி கையோடு ஒரு சின்னக் கிண்ணம் கொண்டுவந்திருந்தாள். குழைத்த சந்தனத்தைத் தொட்டுப் பொனற்றின் நடுவில், பழைய இடத்திலேயே வைத்தாள். மேலே குங்குமம்.

"துடைச்சாப் போகுமோ தம்பி?"

"இப்பவே பாருங்கோவன் அக்கா." கிருபன் கைத்தொலைபேசியை எடுத்து வீடியோவுக்குப் பிடித்தான். கடையின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு அப்படியொன்று தேவையாக இருந்தது. "ராஜினி, வந்து துடைச்சுக் காட்டு."

அவள் துணியோடு வந்தாள்.

"துணி வேண்டாம். கையால தேய். அண்ணை, இவாவின்ர கையை ஒருக்காப் பாருங்கோ, அரம் மாதிரி. இந்தக் கையால தேய்ச்சாலே கீறாது எண்டா, வேற எதால கீறும்?"

தவராசா அவளுடைய கையைப் பார்த்தார். அருந்ததியும் பார்த்தாள், உடனே பொனற்றுக்குப் பார்வையை மாற்றிக்கொண்டாள்.

ராஜினி விரல்களை வைத்தாள். கை தானே வட்டம் வட்டமாகப் போனது. சந்தனம் இளகி மஞ்சளாகப் பரவியது. குங்குமம் அதற்குள் கலந்தது. கிருபன் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினான். எல்லாம் வழிந்து கீழே போனது. பொனற் முழுவதும் ஒரே சாம்பலாகக் கிடந்தது. அருந்ததி குனிந்து, பக்கவாட்டில் இருந்தும் பார்த்தாள். ஒரு தடமும் இல்லை.

"இன்னொருக்கா," என்றான் கிருபன். "இப்ப எடுத்ததில வெளிச்சம் காணாது."

அருந்ததி திரும்பப் பொட்டு வைத்தாள். ராஜினி திரும்பத் தேய்த்தாள்.

ஜீப் மல்லாவிப் பக்கம் போன பிறகு அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சந்தனம் போனது. குங்குமம் விரல் வெடிப்புகளுக்குள் சிவப்புச் சிவப்பாக நின்றது. வீதியைப் பார்த்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். யதுர்ஷிகாவும் வீட்டுக்கு வருகிற நேரம். கழுவுகிற மருந்துப் போத்தலை எடுத்துக் கொஞ்சம் கையில் ஊற்றித் திரும்பத் தேய்த்தாள்.