ஆறாவது பெட்டி

வெட்கம் என்ற ஒன்று இருந்திருந்தால், வரவேற்புக் குழுத் தலைவர் பாங் ஷௌயி அந்த ஆறு பெட்டிகளையும் காயம்பட்டவர்களின் கண்ணெதிரிலேயே அடுக்கி வைத்திருக்க மாட்டார். சீனத்து மலையூரான ஷிதாங்கின் முன்னோர் கோவில்தான் இப்போது படை மருத்துவமனை. வடக்குச் சுவரோரம், முன்னோர் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே பெட்டிகள். இருபது தப்படி தள்ளி, வைக்கோல்மேல், ஜப்பான்காரன் குண்டு பட்ட முப்பத்தொரு பேர். பெட்டிகளில் இருந்தது புண்ணில் சீழ் வைக்காமல் காக்கும் சல்ஃபா மருந்து. நியூசிலாந்தில் சாதாரண ஜனங்கள் உண்டியல் குலுக்கிச் சேர்த்தது, கடல் தாண்டி, கடைசியில் கழுதை முதுகில் மலை ஏறி வந்திருந்தது.

யாரும் பிரிக்கக் கூடாது என்றார் பாங். கொடுத்தவர்கள் சார்பில் டாக்டர் ஹாலிடே அம்மா வரப்போகிறார். நன்றி சொல்லும் பட்டுப் பதாகை இன்னும் தைத்து முடியவில்லை. மேடை, வெடி, விருந்து எல்லாம் ஆன பிறகுதான் மருந்து. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்புத் தாள் ஒட்டித் தன் முத்திரையைக் குத்தினார். குடைப்பிடியிலும், தன் சூளையில் வேகும் ஒவ்வொரு செங்கல்லிலும்கூட அதே முத்திரையைப் பதித்து மகிழும் பெரிய மனிதர் அவர்.

"நிவாரணப் பொருளத் தொட்டா சுட்டுடுவாங்கம்மா. சட்டம்" என்று தாதி யின் ருய்லானிடம் சொல்லிவிட்டுப் பல் குத்திக்கொண்டே போனார்.

ஷி தேமாவ் என்ற சிச்சுவான் மாகாணத்துச் சிப்பாயின் தொடையில் நாற்றம் கிளம்பியிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் கால் போகும், அதற்கடுத்த நாலு நாளில் ஆளே போவான். அது அவனுக்கும் தெரியும்.

"யின் அக்கா, வெள்ளக்கார அம்மா வர்றப்ப நான் உயிரோட கை தட்டணுமா, செத்துக் கெடந்து கை தட்டணுமா? தலைவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ருய்லான் கேட்கவில்லை. அந்த ஆளிடம் கேட்பதே அசிங்கம் என்று நினைத்தாள்.

ஷிதாங்கில் மதியச் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் தூங்குவார்கள். தலைக்குமேல் விமானம் பறந்தாலும் குழுவினர் அந்தத் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. தூக்கத்தில் காவல்காரன் அவர்களுக்கும் ஒரு படி மேல். முதல் நாள் மதியம் அவள் கொதிக்கும் கெண்டியை எடுத்துப்போய், இருட்டு மூலையிலிருந்த ஆறாவது பெட்டியின் சிவப்புத் தாளுக்கு ஆவி காட்டினாள். கஞ்சிப்பசை இளகித் தாள் உரிந்து வந்தது. ஆணியை நெம்பி மருந்தை எடுத்தாள். மூடிவிட்டு, கஞ்சியாலேயே தாளைத் திரும்ப ஒட்டினாள். பதினொரு மதியங்கள் இப்படியே போயின. காலிப் புட்டிகளைக் கழுவிப் பெட்டியிலேயே வைத்தாள். கூடவே ஒரு தாள்: யாருக்கு, எந்தக் காயத்துக்கு, எவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, மருந்து வாங்கியவனின் பெருவிரல் ரேகை. சுடுவதானால் சுடட்டும், எதற்காகச் சுட்டார்கள் என்பதாவது ஒழுங்காகத் தெரியட்டும்.

டாக்டர் ஹாலிடே முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். கோவிலுக்குள்ளேயே மேடை. பாங் ஒரு மணி நேரம் பேசினார். அதில் தன்னைப் பற்றி முக்கால் மணி, போரைப் பற்றிக் கால் மணி. பதாகையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"பெட்டியப் பிரிங்க, பாக்கலாம்" என்றார் டாக்டர். ஹான்கோ நகரத்தில் பத்து வருஷம் இருந்தவர், பேச்சு ஊர்க்காரர்களைப் போலவே வந்தது.

பாங் சிரித்தார். "கொடுத்தவங்க முன்னாடியே பிரிச்சுப் பாக்கிறது எங்க ஊர்ல மரியாதை இல்லீங்க."

"எங்க ஊர்ல பிரிக்காம வச்சாதான் மரியாதை இல்ல."

பாங்கின் சிரிப்பு செத்துப்போனது. உலகத்தில் எந்த மனிதப் பிறவியும் பரிசைக் கொடுத்தவர் எதிரில் பிரிக்காது என்றுதான் அவர் அத்தனை தைரியமாக இருந்தார். டாக்டர் முதல் பெட்டியின் பக்கம் திரும்ப, பாங் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். "அது வேணாங்க. இதோ, இந்த ஆறாவதப் பாருங்க."

ருய்லான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

மூடி திறந்தது. வரிசையாகக் காலிப் புட்டிகள், மேலே ருய்லானின் கையெழுத்தில் அந்தத் தாள். பாங் வாயைப் பிளந்தார். அந்த ஆச்சரியம் மட்டும் கலப்படமில்லாதது, ஏனென்றால் எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கைவைக்காமல் விட்டிருந்த ஒரே பெட்டி அது. அவர் ஏன் அதைக் காட்டினார் என்று ருய்லானுக்கு அப்போதுதான் உறைத்தது.

"திருட்டுக் கழுத! இவள இப்பவே சுடணும்" என்று கத்தினார் பாங்.

டாக்டர் தாளைக் கடைசிவரை படித்தார். "முப்பத்தொரு ரேகை. எல்லாரும் பொழச்சாங்களா?"

"ரெண்டு பேர் போயிட்டாங்க. முன்னாடியே எடுத்திருந்தா அவங்களும் இருந்திருப்பாங்க" என்றாள் ருய்லான்.

"இதுக்குத்தான் எங்க ஜனங்க அனுப்பினாங்க" என்று தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார் டாக்டர். "மத்த அஞ்சு?"

"விருந்து ஆறிடுங்க" என்றார் பாங்.

அதற்குள் ஷி தேமாவ் ஊன்றுகோலோடு நொண்டிப்போய் முதல் பெட்டியைக் கடப்பாரையால் நெம்பிவிட்டான். சிவப்புத் தாள் கிழிந்தது. குனிந்து உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து, தூசி தட்டி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். செங்கல். அதன் நடுவில், வழக்கம்போல அழகாகப் பதிந்திருந்தது பாங் ஷௌயியின் முத்திரை.

ருய்லான் அவர் பக்கம் திரும்பினாள்.

"நிவாரணப் பொருளத் தொட்டா என்ன பண்ணுவாங்கன்னு சொன்னீங்க, தலைவரே?"