மச்சினனுக்கு எழுதிக் கொடுத்த ரசீது

மச்சினன் தர வேண்டியது ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். இரும்புக்கடையில் சுமை இறக்குகிற அத்தனை பேருக்கும் அந்தத் தொகை மனப்பாடம். ரெண்டுமூட்டை ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை, லாரிக்காரன் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். ஒரே நடையில் இரண்டு சிமெண்டு மூட்டை தூக்குகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வந்து போகும்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இவர்தான் கையோடு கூட்டிவந்து கடையில் சேர்த்துவிட்டார். எட்டாவது வரை படித்தவன், சுமை தூக்கி ஆறு மாதத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "இந்த அழுக்குச் சட்டையோட போய் நின்னா எவன் மாப்ள மேஜை வேலை தருவான்?" என்று கடன் கொடுத்ததும் இவரேதான். வெள்ளைச் சட்டை, கால்சட்டை, ஷூ, கைக்கடிகாரம். எல்லாம் மாட்டிக்கொண்டு போய் நின்றான். முதலாளியம்மா அவனை ரசீது மேஜையில் உட்காரவைத்துவிட்டாள்.

அன்றைக்குப் பற்றிக்கொண்ட ரெண்டுமூட்டையின் வயிறு பிறகு அணையவே இல்லை.

ரசீது மேஜை ஃபேனுக்கு நேர் கீழே. ஒரு தொகைக்கு மேல் வியாபாரம் ஆனால் ரசீதில் வரிக்காக ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். அந்தக் காலத்தில் வரிக்கென்று தனி ஸ்டாம்பு கிடையாது, கடிதத்தில் ஒட்டுகிற அதே தபால் ஸ்டாம்புதான். ஒட்டினால் மட்டும் போதாது. கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துக் கடிதத்துக்கு ஒட்டிவிடுவான், ரசீதும் செல்லாது. மச்சினன் ஸ்டாம்பை ஈரப் பஞ்சில் ஒற்றி ஒட்டி, பேனாவை எடுத்த கையோடு ஒரு சுழி சுழித்து வாலை நீட்டுவான். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். ஆணிப் பெட்டியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரெண்டுமூட்டையின் கண்ணில் அந்த வால்தான் வந்து விழும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பேச்சு.

"என் தம்பி கையெழுத்தப் பாத்தீங்களா? பெரிய ஆபீசர் கணக்கா இருக்கு."

"கையெழுத்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. கடனைக் குடுக்கத்தான் கை நீள மாட்டேங்குது."

"மாசாமாசம் கொண்டாந்து நீட்டுறான். வேண்டாங்கறது யாரு?"

வேண்டாம் என்பது அவரேதான். மச்சினன் பணத்தை நீட்டும்போதெல்லாம், "இருக்கட்டும் மாப்ள, எங்க ஓடிப்போகப் போற" என்று பெரிய மனுஷனாகக் கையை ஆட்டிவிடுவார். வாங்கிவிட்டால் அப்புறம் அவனைப் பற்றி ஊரில் என்ன சொல்வது? அவனிடம் ஃபேன் இருந்தது, நாற்காலி இருந்தது, சுழி இருந்தது. இவரிடம் இருந்தது அந்தக் கடன் ஒன்றுதான்.

எழுத்துப் படிக்கப் போனதும் அந்த எரிச்சலில்தான். தலை பாதி நரைத்த பிறகு, சுமைக்காரர் சங்க அலுவலகத்தில் சாயங்கால வகுப்பு. தோள் வலியோடு உட்கார்ந்தால் சின்ன எழுத்துகூட மூட்டையாகக் கனக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சிமெண்டுத் தூசியில் விரலால் எழுதிப் பார்த்தார். பெயரும் தொகையும் தேதியும் ஒருவழியாகக் கைக்கு வந்தன.

கடையின் பின்கட்டில் இன்னொரு ரசீது மேஜை போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சம்பள நாளன்று ரெண்டுமூட்டை முகம் கழுவி, தலை வாரி, முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"அந்த மேஜைய எனக்குக் குடுங்கம்மா. முட்டி ரெண்டும் போச்சு. எழுதப் படிச்சிட்டேன்."

முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "சும்மா எழுதிப் பாக்க ஸ்டாம்ப வீணாக்க முடியாது. உங்க மச்சினன் பணம் தரணும்னு கடையே பேசுதே, அத இப்பவே குடுக்கட்டும். நீங்க வாங்கிட்டு ரசீது போடுங்க, பாக்கறேன்."

மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நோட்டுகளை எண்ணி மேஜைமேல் வைத்தான். எழுந்து நாற்காலியையும் விட்டான். "உக்காருங்க மாமா."

நாற்காலி அவன் சூட்டோடு இருந்தது. ரெண்டுமூட்டை எழுத ஆரம்பித்தார்.

"சிமெண்டுக்கு வேர்க்காத ஆளுக்கு ஃபேனுக்கடியில வேர்க்குது பாருடா" என்றான் வாசலில் நின்ற சுமைக்காரன் ஒருவன்.

தொகை சரி, தேதி சரி. கொக்குப் படம் போட்ட ஸ்டாம்பைக் கோணாமல் ஒட்டினார். பிறகு பேனாவை நன்றாகக் கீழே இறக்கி, கொக்கின் கால்கூட அழுக்காகாதபடி, ஸ்டாம்புக்கு அடியில் தன் பெயரை எழுதினார்.

முதலாளியம்மா வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் சரி. ஸ்டாம்பு மேல கையெழுத்து எங்க? இதுகூடத் தெரியாதா?"

"மாமாவுக்குப் புதுசும்மா" என்று மச்சினன் குறுக்கே வந்தான். "வகுப்புல இதெல்லாமா சொல்லித் தர்றாங்க? நான் பக்கத்துல உக்காந்து ரெண்டு நாள் காட்டிக் குடுத்தா புடிச்சுக்குவாரு."

அவன் சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். அவன் காட்டிக்கொடுத்து இவர் கற்றுக்கொள்வதா? காது இரண்டும் தீயாய்க் காந்தின.

"தெரியாம இல்லம்மா. வேணும்னுதான் விட்டேன்."

"எதுக்கு?"

"ரசீது செல்லாமப் போகட்டும்னு."

மச்சினனுக்குப் புரியவில்லை. "பணம் முழுசா வச்சிருக்கேனே மாமா?"

"பணத்த விடு. நீ இந்த நாற்காலியில உக்காந்திருக்கறதப் பாத்தாலே எனக்கு எரியுது மாப்ள. கடன்னு ஒண்ணு இருந்தாத்தான் உன்னப் பத்தி நாலு பேர்கிட்ட நான் வாய் தொறக்க முடியும்."

மச்சினன் ஈரப் பஞ்சை ஒரு அழுத்து அழுத்தினான். "தெரியும் மாமா. லாரிக்காரன் சொல்லிட்டான். அதனாலதான் மாசாமாசம் நீட்டினேன்."

"உங்க சண்டைய வீட்ல வச்சுக்குங்க" என்றாள் முதலாளியம்மா. "தெரிஞ்சே ஸ்டாம்ப விடற ஆள எப்படி மேஜையில வைக்கறது? அதுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். இப்ப ஒழுங்கா கையெழுத்தப் போட்டு முடிங்க."

ரெண்டுமூட்டை பேனாவை மறுபடி எடுத்தார். சுழியெல்லாம் வரவில்லை. கொக்கின் கழுத்தில் தொடங்கிய பெயர், இறகைத் தாண்டி, ஒவ்வொரு எழுத்தாகக் காகிதத்தில் இறங்கி நின்றது. மச்சினன் ஊதிக் காயவைத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"பணத்த எண்ணிக்குங்க மாமா."

எண்ணினார். ஒரு பத்து ரூபாயாவது குறையாதா என்று எச்சில் தொட்டு இன்னொரு தரமும் எண்ணினார். குறையவில்லை.

"சரியா இருக்கு மாப்ள" என்றார்.